நஞ்சுக்கு மருந்தென்று பெயர்!

தமிழ்நாட்டு உழவன் தன் வயலில் தெளிப்பது மருந்தன்று, நஞ்சு. ஆயினும் அதனை நஞ்சென்று சொல்லும் நா சிற்றூர்களில் அரிதாகிவிட்டது. பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. அதை விற்கும் கடை மருந்துக்கடை. தெளிப்பானை முதுகில் சுமந்து செல்லும் கூலியாள் 'மருந்தடிக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் புறப்படுகின்றான். அதே ஊரில் என்றேனும் ஒருநாள் 'அவன் மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒரு குரல் எழுமாயின், கேட்டவர் அனைவரும் நெஞ்சு பதறி ஓடுகின்றனர். அப்பொழுது மட்டும் அச்சொல்லின் பொருள் எல்லார்க்கும் விளங்கிவிடுகின்றது!

ஒரு சொல் இருவேறு பொருளில் வழங்குவது மொழியியற்கை என்று சிலர் அமைதி கூறலாம். வெடிமருந்து என்னும் சொல்லும் தமிழில் உண்டே என்றும் எடுத்துக் காட்டலாம். உண்மைதான். ஆனால் வெடிமருந்தைக் கையாளுபவன் அதனைத் தன் உடலுக்கு நன்மை தருவதாக ஒருபோதும் மயங்குவதில்லை. பயிர்நஞ்சின் நிலை அவ்வாறன்று. 'பயிருக்கு நோய், அதற்கு மருந்து' என்னும் ஒப்புமையைச் சொல்லிச் சொல்லியே விற்பனையாளர் அதனை வயலுக்குள் கொண்டு வந்தனர். உண்பதன் அளவறிதலையே தலையாய நோய்த்தடுப்பாகக் காட்டிய திருவள்ளுவர் 'மருந்து' என்னும் பெயரால் ஒரு பகுதியே வகுத்தார். அச்சொல்லைக் கொண்டுவந்து மண்டையோட்டுக் குறியிட்ட புட்டியின் மேல் ஒட்டியது இந்த ஐம்பது அறுபது ஆண்டுக்காலக் கொடுமை. மருந்தென்றால் கூடக்கொஞ்சம் ஊற்றினால் கூடக்கொஞ்சம் நலம் என்று எளியவன் எண்ணமாட்டானா? நஞ்சென்றால் அவ்வாறு ஊற்றுவானா?

இங்கே சட்டம் சொல்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்திய நடுவணரசின் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971-இல் வகுக்கப்பட்ட விதிகள், பூச்சிக்கொல்லியின் புட்டி மேல் ஒட்டும் தாளில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று விரிவாகக் கூறுகின்றன. 'தீங்கற்றது', 'நஞ்சற்றது', 'ஊறு செய்யாதது' என்னும் பொருள்படும் எச்சொல்லும் அத்தாளில் இடம்பெறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 'சொன்ன முறைப்படி கையாண்டால்' என்னும் அடைமொழியைச் சேர்த்தும் அவ்வாறு எழுதலாகாது. நல்ல விதிதான். ஆனால் அந்த விதி தாளில் தடுத்ததை, கடைக்காரரின் வாயில் வழங்கும் ஒரே சொல் செய்து முடித்துவிடுகின்றது. 'மருந்து' என்பதைவிடத் 'தீங்கற்றது' என்பதற்கு வேறு நல்ல மொழிபெயர்ப்பு உண்டோ?

இச்சட்டம் பிறந்த கதையே ஒரு சாவுக் கதைதான். 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு உண்டு மாண்டனர். கோதுமை மாவைப் பாரத்தியான் என்னும் கொடிய நஞ்சோடு ஒரே கப்பலில் ஏற்றி வந்ததும், நஞ்சு கசிந்து மாவிற் கலந்ததும் பின்னர் வெளிப்பட்டன. நடுவர் ஒருவர் தலைமையில் உசாவல் நடந்தது. அதன் பின்னரும் பத்தாண்டுகள் கழித்தே சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் மூன்றாண்டுகள் ஆயின. அதுவரை இந்நாட்டில் எவரும் எந்த நஞ்சையும் பதிவின்றி விற்கலாம் என்பதே நிலை.

பதிவு என்பது யாது? ஒரு நஞ்சை இந்நாட்டில் செய்யவோ இறக்குமதி செய்யவோ விரும்பும் நிறுவனம், நடுவணரசின் பதிவுக்குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். அது பூச்சியைக் கொல்லும் திறனுடையதா, மாந்தர்க்கும் விலங்குகட்கும் எந்த அளவு கேடற்றது என்பவற்றைப் பற்றி அந்நிறுவனம் கூறுவன உண்மைதாமா என்று அக்குழு பார்த்துப் பதிவு செய்யும். பார்ப்பதற்கு வேண்டிய ஆய்வுக் குறிப்புகளைத் தருவது பெரும்பாலும் விற்கப் போகின்ற அந்நிறுவனமே! ஒரு நஞ்சு ஒருமுறை பதிவாகிவிட்டால், அதே நஞ்சைச் செய்ய வரும் பிற நிறுவனங்கள் அதே கட்டுப்பாடுகளோடு எளிதிற் பதிவு பெறலாம். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவு செய்யப்படுகின்றன. காவிரிப் படுகையின் நெல்லுக்கும் பெரம்பலூரின் பருத்திக்கும் எது தகும், எது தகாது என்பதைத் தமிழ்நாடு முடிவு செய்வதில்லை.

இத்தனைக்கும் வேளாண்மை மாநிலத்தின் ஆட்சியுரிமைக்கு உட்பட்டது என்றே இந்திய அரசியலமைப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கின்றது. மாநிலப் பட்டியலின் 14-ஆம் வரிசையில் வேளாண்மை மட்டுமன்று, பூச்சிகளினின்று காத்தலும் பயிர்நோய்த் தடுப்பும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளன. பிறகு தில்லிக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருசாராரும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 19-ஆம் வரிசையைப் பார்த்தால் விடை கிடைக்கும்: 'மருந்துகளும் நஞ்சுகளும்' என்று அங்கே இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பூச்சியினின்று காத்தல் மாநிலத்தது. ஆனால் காப்பதற்குரிய பொருள் நஞ்சு என்பதால் அதில் நடுவணரசு கைவைக்கலாம். தில்லிக்கு அது நஞ்சென்று நன்றாகவே தெரியும். தெரியாதவன் தெளிப்பவன் ஒருவனே.

இனி, தெளிப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்குரிய விதிகளைக் காண்போர் வியப்படைவர். வணிக நோக்கில் பூச்சியொழிப்புத் தொழில் செய்வோர் அதற்கென உரிமம் பெறல் வேண்டும். அவ்வுரிமம் கேட்பவர் வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அத்துடன் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். அப்பயிற்சிக்கென விதியில் பெயர் குறிக்கப்பட்ட நிறுவனங்கள் மைசூரிலும் ஐதராபாத்திலும் வடக்கே ஆப்பூரிலும் உள்ளன. தமிழ்மண்ணில் ஒன்றுமில்லை, கோவையில் நூற்றாண்டு கண்ட வேளாண் கல்லூரியும் அதன் வழிவந்த பல்கலைக்கழகமும் இருந்தும் இல்லை! இதை எவரும் ஒரு குறையாக எண்ணியதாகவும் தெரியவில்லை.

விதிகள் இத்தோடு நின்றனவா? இல்லை. நஞ்சைக் கையாளும் தொழிலாளர்க்குக் காப்புடை தருதல் வேண்டும். மூச்சுக் காப்புக் கருவி தருதல் வேண்டும். முதலுதவிப் பொருள்களும் நச்சுமுறிகளும் தொழிலிடத்தில் இருத்தல் வேண்டும். தக்க பயிற்சி தருதல் வேண்டும். அவ்வப்போது மருத்துவரைக் கொண்டு உடலாய்வு செய்தல் வேண்டும். நரம்பைத் தாக்கும் பாசுபரசு வகை நஞ்சுகளைக் கையாளுவோரின் குருதியில் குறிப்பிட்ட நொதியின் அளவு குறைகின்றதா என்றும் தொடர்ந்து அளந்து வருதல் வேண்டும். படித்தால் ஏதோ தொழிலாளர்க்கு அரணாக அமைந்த நாட்டின் சட்டம் போலத்தான் தோன்றுகின்றது.

அந்த அரணின் வாயில் 38-ஆம் பிரிவில் திறந்து கிடக்கின்றது. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கோ, தம் தோட்டத்துக்கோ, தாம் பயிரிடும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைக் கையாண்டால் இச்சட்டத்தின் எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. எளிய உழவனை வழக்குமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்னும் நல்லெண்ணத்தோடு அப்பிரிவை எழுதியிருக்கலாம். ஆனால் கட்டுப்படுத்தாத சட்டம் காப்பதுமில்லை. பெருநகரத்து உணவுக்கூடத்தில் கரப்பான் பூச்சிக்கு நஞ்சு தெளிக்க வருபவரின் பின்னால் ஒரு பட்டம், ஒரு சான்று, ஓர் உரிமம் மூன்றும் நிற்கின்றன. ஐந்து காணிப் பருத்தியில் விடியல் முதல் நண்பகல் வரை அதனினும் கொடிய நஞ்சைத் தெளிப்பவனுக்குப் பின்னால் அவன் முதுகிற் கட்டிய தொட்டிதான் நிற்கின்றது.

இவனோ பல இடங்களில் நிலமுடையவனும் அல்லன். 'ஒரு டேங்குக்கு இவ்வளவு' என்று பேசிக்கொண்டு, இன்று ஒருவர் கொல்லை, நாளை மற்றொருவர் கொல்லை என்று கூலிக்குத் தெளிப்பவன். விதியின் சொல்லை நேராகப் பொருள் கொண்டால், கூலிக்காக வயலிற் செய்யும் பூச்சியொழிப்பும் வணிகமுறைத் தெளிப்பில் அடங்கக் கூடியதே. ஆயினும் எந்த வேளாண் அலுவலரும் இவனை அவ்வகையில் வைத்து எண்ணியதில்லை. எண்ணினால் பட்டமில்லை என்று சொல்லி அவன் பிழைப்பைக் கெடுப்பதாக முடியும்; எண்ணாவிட்டால் அவன் உயிர் எக்கணக்கிலும் வராது. இவ்விரண்டுக்கும் இடையில், பட்டம் கேட்காமல் பயிற்சி மட்டும் தந்து ஓர் அடையாளச் சீட்டு வழங்கும் எளிய வழி ஒன்றுண்டு. அதை எழுத எவர்க்கும் கை வரவில்லை. அண்மை ஆண்டுகளில் ஆளில்லா வானூர்தி கொண்டு தெளிக்கும் முறை பரவி வருகின்றது. அதனை இயக்குவோர்க்குப் பயிற்சியும் சான்றும் வேண்டுமென்று உடனே ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. வானிற் பறக்கும் பொறிக்குக் கிடைத்த மதிப்பு, வரப்பில் நடக்கும் மாந்தனுக்குக் கிடைக்க அரை நூற்றாண்டு போதவில்லை போலும்.

இதன் விளைவு என்ன? 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளிற் கிடந்தனர். அவ்வாண்டு பருத்திச் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் தலைக்கு மேல் தெளித்த நஞ்சு தெளித்தவர் முகத்திலும் மார்பிலும் வழிந்தது. நனைந்த சட்டையைக் கழற்றாமல் நாள் முழுதும் உழைத்தவனின் தோல் வழியே நஞ்சு உள்ளே சென்றது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்திலும் தெளித்த உழவர் சிலர் உயிரிழந்தனர். தலை சுற்றல், கண் மங்கல், வியர்த்துக் கொட்டல், வாயில் எச்சில் ஊறல் ஆகியவை பாசுபரசு வகை நஞ்சின் முதல் அறிகுறிகள். வெயிலில் வேலை செய்பவன் அவற்றை வெயிலின் மேல் ஏற்றிவிட்டு, ஒரு சொம்பு நீரைக் குடித்துவிட்டு மீண்டும் தொட்டியைத் தூக்குகின்றான். சட்டையைக் கழற்றி உடலைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்பதும், உடனே மருத்துவரிடம் சென்று புட்டியைக் காட்ட வேண்டும் என்பதும் அவனுக்கு யார் சொன்னார்?

'தாளில் எழுதியிருக்கின்றதே' என்பர். எழுதியிருக்கின்றது, எம்மொழியில்? புட்டியின் தாளை இந்தியிலும் ஆங்கிலத்திலும், அப்பொருள் விற்கப்படும் பகுதியில் வழங்கும் வட்டார மொழி ஒன்றிலோ இரண்டிலோ அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் விற்கும் புட்டிக்கு இந்தி எதற்கு? ஈரோட்டுக் கூலியாளுக்கோ இராமநாதபுரத்து உழத்திக்கோ அதில் ஓர் எழுத்தேனும் பயன்படுமா? தமிழ், பெயர் சொல்லப்படாமல், 'வட்டார மொழி' என்னும் கூட்டத்தில் கடைசியில் வந்து நிற்கின்றது. உள்ளே மடித்து வைத்த குறிப்புத்தாளிலோ பத்து மொழிகளுக்கு நடுவே எறும்பு ஊர்ந்தாற்போல் அதற்கும் ஓரிடம். அதையும் விரித்துப் படிப்பார்க்கு 'சிபாரிசு', 'உபயோகம்', 'விஷமுறிவு' என்று வேற்றுச்சொற்களே எதிர்ப்படும். பரிந்துரை, பயன்பாடு, நச்சுமுறி என்று எழுதினால் எந்த உழவனுக்கு விளங்காது? நஞ்சு என்னும் சொல் இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழன் வாயில் உள்ளது. அதை அச்சிட எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு கூடுதலாகச் செலவாகாது.

எழுத்தறியாதவர்க்கென நிறக்குறி ஒன்றும் விதியில் உண்டு. சாய்வாக நிறுத்திய சதுரத்தின் மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல்லும் கீழ்ப்பாதியில் நிறமும் இருக்கும். மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பின் மேல் மண்டையோடும் குறுக்கெலும்பும் இருக்கும். நல்ல ஏற்பாடே. ஆனால் பச்சை என்றால் 'அச்சமில்லை, செல்க' என்று சாலை விளக்கிற் கற்றவன், பச்சைக் குறியிட்டதும் நஞ்சுதான் என்று தானாக அறிவானா? இந்நான்கு நிறங்களின் பொருளை ஊர்தோறும் சுவரில் எழுதி வைக்கக்கூட நாதியில்லை.

மாநிலம் விழித்துக்கொண்டாலும் அதன் கை கட்டப்பட்டே உள்ளது. ஒரு நஞ்சு மக்களுக்குக் கேடு செய்வதாக மாநில அரசு கருதினால், 27-ஆம் பிரிவின்படி 60 நாள் வரை அதன் விற்பனையை நிறுத்தி வைக்கலாம். நீட்டித்தால் மேலும் 30 நாள். அவ்வளவே! யவத்மால் சாவுகளுக்குப் பின் மகாராட்டிரம் அதைத்தான் செய்தது. பாசுமதி நெல்லைக் காக்கப் பஞ்சாபு 2022-இல் பத்து நஞ்சுகளுக்கு அதைத்தான் செய்தது. அடுத்த பருவத்தில் மீண்டும் செய்ய நேர்ந்தது. தற்கொலைகளைத் தடுக்கும் நோக்குடன் தமிழ்நாட்டு அரசும் 2023-இன் தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாசு உள்ளிட்ட ஆறு நஞ்சுகளை 60 நாள் நிறுத்தி வைத்தது. அறுபத்தோராம் நாள் என்ன ஆகும்? நஞ்சு தன் நச்சுத்தன்மையை இழந்துவிடுமா?

மோனோகுரோட்டோபாசின் கதையை மட்டும் எண்ணிப் பார்த்தாலே பதிவுரிமை யார் கையில் இருக்கின்றது என்பதன் முதன்மை விளங்கும். அதனைக் காய்கறிகளுக்குத் தெளிக்கலாகாது என்று நடுவணரசு 2005-இல் விலக்கியது. எனினும் பிற பயிர்களுக்கென அது கடையில் இருந்தது; கடையிலிருந்து வாங்கியவன் எப்பயிருக்கு அடிக்கின்றான் என்று யார் காவல் நின்றார்? 2013-இல் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் பகலுணவு உண்ட சிறுவர் சிறுமியர் 23 பேர் மடிந்தனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது அதே நஞ்சு. அதன் பின்னும் பத்தாண்டு சென்று, 2023 செப்தம்பரில்தான் அதன் 36 விழுக்காட்டுக் கரைசலை நிறுத்துமாறு ஆணை வந்தது. இலங்கையோ அதனை 1995-இலேயே விலக்கிவிட்டது. அவ்வாறு கொடிய நஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிய பின் அங்குத் தற்கொலைச் சாவுகள் பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அவ்வரசு தமிழர்க்கு இழைத்த கொடுமைகளை எத்தமிழனும் மறவான். எனினும் இச்செய்தியில் உண்மை உண்மையே. தமிழ்நாட்டைவிட மக்கள்தொகையிற் சிறிய ஒரு நாடு, பதிவும் நீக்கமும் தன் கையில் இருந்தமையால் அதனைச் செய்ய முடிந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழரின் அரசுக்கோ தொண்ணூறு நாளுக்கு மேல் உரிமையில்லை.

ஆகவே பயிர்நஞ்சுகளைப் பதிவு செய்யவும் நீக்கவும் மாநிலங்கட்கு உரிமை வேண்டும். குறைந்த அளவு, தன் எல்லைக்குள் ஒரு நஞ்சை நிலையாக விலக்கும் உரிமையேனும் வேண்டும். 2008-இலும் 2020-இலும் புதிய சட்ட வரைவுகள் மாநிலங்களவையில் வைக்கப்பட்டன. அவையும் பதிவை நடுவண் குழுவின் கையிலேயே வைத்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற உறுப்பினர் எத்தனைபேர் இதனை ஓர் உரிமைச் சிக்கலாக எண்ணினரோ தெரியவில்லை.

ஆனால் தில்லியை நொந்துகொண்டே இருந்துவிட முடியாது. இப்பொழுதுள்ள அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் தமிழ்நாட்டு அரசின் கையிலேயே ஒரு கருவி உள்ளது. தாளில் இருக்க வேண்டிய எச்சரிக்கைகள், மற்றச் சொற்களைப்போல் கண்ணில் படும்படி அச்சிடப்படாவிட்டாலோ, அதனை வாங்கிக் கையாளும் எளிய மாந்தன் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க சொற்களில் அமையாவிட்டாலோ, அப்பொருள் தவறான குறியிட்ட பொருளாகும். அதை விற்பது தண்டனைக்குரிய குற்றம். எறும்புருவில் அச்சிட்ட தமிழும், தமிழே இல்லாத தாளும் இப்பிரிவில் அடங்காவோ? இதனைக் கண்காணிக்கும் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள் தில்லியின் ஆட்கள் அல்லர். மாநில வேளாண்துறையின் அலுவலர்கள். கடைகட்கு உரிமம் தருவதும் அத்துறையே. மேடைதோறும் தமிழை முழங்கும் அரசுகள் மாறிமாறி அமர்ந்தும், தமிழ் எழுத்துச் சிறுத்ததற்காக ஒரு புட்டியையேனும் கைப்பற்றியதாகச் செய்தி உண்டா?

துறையின் சுவரொட்டிகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் வானொலி உரைகளிலும் 'பூச்சி மருந்து' என்று எழுதுவதையும் சொல்லுவதையும் ஓர் ஆணையால் நாளைக்கே நிறுத்தலாம். அதற்குத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. பூச்சிநஞ்சு, களைநஞ்சு, எலிநஞ்சு என்று பள்ளிப் பாடத்திலும் எழுதலாம். இயற்கை வேளாண்மைக்குழுக்கள் 'நஞ்சில்லா உணவு' என்னும் தொடரை மக்கள் வாயில் நிலைபெறச் செய்துவிட்டன. அரசு செய்யாததை ஊர்தோறும் நடந்த சிலர் செய்து காட்டினர். எஞ்சியிருப்பது கடைகள். ஒவ்வோர் ஊரிலும் உள்ள இயக்க அன்பர்கள் தத்தம் ஊர்க் கடைக்குச் சென்று, புட்டியிற் பதித்த தமிழ் கண்ணுக்குப் புலப்படும் அளவில் உள்ளதா, எச்சரிக்கையும் முதலுதவியும் நச்சுமுறியும் தமிழிற் சொல்லப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இல்லையாயின் பொருளின் பெயர், செய்த நிறுவனம், தொகுதி எண் மூன்றையும் குறித்து, 3-ஆம் பிரிவைச் சுட்டி, வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குத் தமிழில் எழுதி ஒப்புகைச் சீட்டுப் பெற்று வைத்துக்கொள்ளல் வேண்டும்.